அரசு ஊழியரை வேலையைவிட்டு அனுப்ப முடியாததுதான் சிக்கலா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: தனியார் நிறுவனத்தில் ஒழுங்காக வேலை செய்யாதவரை மூன்று மாதத்தில் அனுப்பிவிடுகிறார்கள். மாநில அரசில் மட்டும் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் ஓய்வு வயதுவரை யாரும் அசைக்க முடிவதில்லை. இதை மாற்றாமல் நிர்வாகச் சீர்திருத்தம் என்று பேசி என்ன பயன்? தமிழ்நாட்டில் யாராவது முயன்றாவது பார்த்திருக்கிறார்களா?

முயன்றிருக்கிறார்கள். சில நாட்களுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலைநீக்கம் செய்த மாநிலம் இது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன், 'அனுப்பவே முடியாது' என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. குற்றச்சாட்டு என்ன என்று தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகுதான் பதவிநீக்கமோ பதவி இறக்கமோ செய்ய வேண்டும் என்கிறது. நியமன அதிகாரிக்குக் கீழே உள்ளவர் பதவிநீக்க ஆணையைப் போட முடியாது என்கிறது. அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதை நடைமுறைப்படுத்துபவை ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகள். சிறிய தண்டனை என்றால் 17(ஏ), பெரியது என்றால் 17(பி). அலுவலகங்களில் 'பதினேழு பி குடுத்துட்டாங்க' என்றால் விஷயம் கனமானது என்று எல்லோருக்கும் புரியும்.

சிக்கல் அந்தக் குற்றச்சாட்டு மெமோ கொடுத்த பிறகு ஆரம்பிக்கிறது. விசாரணை அதிகாரியாக நியமிக்கப்படுபவருக்கு அது முழுநேர வேலை கிடையாது. தன் இருக்கையில் குவிந்திருக்கும் கோப்புகளுக்கு நடுவே இதையும் அவர் பார்க்க வேண்டும். பாதியில் அவருக்கு மாறுதல் வரும். புதிதாக வருபவர் முதலிலிருந்து படிப்பார். மூல ஆவணங்கள் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ நீதிமன்றத்திலோ இருக்கும். சாட்சியே ஓய்வு பெற்றிருப்பார். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுத்துவிட்டு, ஊழியர் ஓய்வு பெறும் நாளன்று மாலை அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து வைப்பார்கள். இந்த வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், ஓய்வு பெறும் நாளில் சஸ்பெண்ட் செய்வது தவிர்க்கப்படும் என்று 2021-ல் சட்டமன்றத்திலேயே முதல்வர் அறிவிக்க வேண்டியிருந்தது. இதில் சட்டத்தின் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளில் முடிக்க வேண்டியதைக் கடைசி நாள் மாலைவரை முடிக்காமல் விட்டதுதான் குறை.

இதைவிட வேடிக்கை, தகுதிகாண் பருவம். புதிதாகச் சேர்பவருக்குத் தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணி என்பதுதான் பொதுவான கணக்கு. இந்தக் காலத்தில் 'இவர் இந்த வேலைக்கு ஒத்துவரமாட்டார்' என்று முடிவெடுத்து விடுவிக்க அரசுக்கு நல்ல இடம் இருக்கிறது. களங்கம் சுமத்தாமல் விடுவித்தால் 17(பி) விசாரணையும் தேவையில்லை. ஆனால் நடைமுறையில் பார்ப்பது என்ன? துறைத் தேர்வுகளை எழுதி முடித்தாரா, பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்குப் போய் வந்தாரா, கல்விச் சான்றின் உண்மைத்தன்மை வந்துவிட்டதா, இவற்றைத்தான். வேலை செய்கிறாரா என்பதற்குக் கோப்பில் இடமே இல்லை. தகுதிகாண் பருவம் முடித்ததாக ஆணை போடுவதைக்கூடப் பல அலுவலகங்களில் மறந்துவிடுவார்கள். அடுத்த பதவி உயர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போதுதான், அது இல்லையே என்று பின்தேதியிட்டுத் தேடிப்பிடித்து ஆணை வாங்குவார்கள்.

ஆக, நீங்கள் கேட்கும் அதிகாரம் ஏற்கனவே அரசின் கையில் இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

சரி, பாதுகாப்பை முழுசாகவே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு மாநிலம் அதைச் செய்து பார்த்தது. ஜார்ஜியாவில் ஆளுநர் ஸெல் மில்லர் காலத்தில் கொண்டுவந்த சட்டப்படி, 1996 ஜூலை 1 முதல் சேரும் மாநில ஊழியர்களுக்குப் பழைய பணிப் பாதுகாப்பு கிடையாது. காரணம் காட்டாமலே அனுப்பலாம். ஆளெடுப்பதும் அந்தந்தத் துறையின் பொறுப்பானது. ஃபுளோரிடா 2001-ல் ஜெப் புஷ் ஆளுநராக இருந்தபோது ஆயிரக்கணக்கான மேற்பார்வையாளர்களை அதே வழியில் தள்ளியது. பயந்ததுபோல அரசியல் நியமனங்கள் வெள்ளமாக வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆளெடுப்பு வேகமானது. ஆனால் அதன் பிறகு ஊழியர்களிடம் நடந்த கருத்தாய்வுகளில், இதனால் வேலைத்திறன் கூடியது என்று நம்பியவர்கள் குறைவு. ஒப்பீட்டுக்கு இவ்வளவு போதும். எனக்கு இதில் முக்கியமாகப்படுவது அந்தத் தேதி. 1996 ஜூலை 1-க்கு முன் சேர்ந்தவர்களைத் தொடவில்லை. அதற்குப் பின் வருகிறவர்களுக்கு மட்டும் புது விதி.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டு வரலாற்றைப் பாருங்கள். மாநில அரசுகளில் ஊழியர் சீர்திருத்தம் என்று நடந்தவற்றில் நிலைத்தவை பெரும்பாலும் இனிமேல் வரப்போகிறவர் தலையில் கட்டப்பட்டவைதான். உள்ளே இருப்பவரைத் தொட்டவை திரும்பப் பெறப்பட்டன. ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

2001-ல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, கஜானா காலி என்று சொல்லி, அந்த ஆண்டுக் கடைசியில் புதுப் பணிநியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 தேர்தலுக்குக் கொஞ்சம் முன்புதான் அந்தத் தடை நீங்கியது. இடையில் சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓய்வூதியப் பலன்களில் கைவைத்ததும் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன. 2003 ஜூலை 2 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. 2002-ல் போட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது டெஸ்மா, கையில் தயாராக இருந்தது. அதை அவசரச் சட்டத்தால் இன்னும் கடுமையாக்கி, விசாரணை இல்லாமலே ஏறக்குறைய 1,70,000 பேரை வேலைநீக்கம் செய்தார் ஜெயலலிதா. நள்ளிரவுக் கைதுகள் நடந்தன. வேலைநிறுத்தம் உடைந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டி.கே. ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. ஊழியர் இயக்கங்கள் இன்றுவரை மறக்காத வரி அது. அதே சமயம், மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசை அதே நீதிமன்றம் சம்மதிக்க வைத்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தோல்வி வந்த கையோடு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அரசே கைவிட்டது. பறித்த சலுகைகளும் பின்னாளில் படிப்படியாகத் திரும்பி வந்தன.

அந்தப் புயலில் தப்பிப் பிழைத்த சீர்திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் ஊழியர் தந்தார், அதே அளவு அரசும் போட்டது. மத்திய அரசு தன் புதிய ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது 2004 ஜனவரியில். தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டது. அப்புறம் மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தோடு சேராமல் தனியாகவே நின்றது. விளைவு, இந்தத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு மொத்தத் தொகை கிடைத்ததே தவிர மாத ஓய்வூதியம் என்று எதுவும் அமையவில்லை. இது ஏன் அப்போது எதிர்ப்பில்லாமல் நின்றது? அதனால் பாதிக்கப்படப்போகிறவர்கள் அன்றைக்குக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் உள்ளே வந்து எண்ணிக்கையில் பெருகிய பிறகுதான் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் 2017, 2019 போராட்டங்களில் இது முதல் கோரிக்கையாக மாறியது. 2025-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் இதற்கென்று குழு அமைக்கும் நிலைக்கு அரசு வந்ததும் அந்த எண்ணிக்கையால்தான்.

இனி அந்த விதிவிலக்கு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. கர்ணம், கிராம முன்சீப் என்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் மாநிலம் முழுவதும் நவம்பர் 14 முதல் ஒழிந்தன. பதவியில் இருந்தவர்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், அன்றோடு வீட்டுக்குப் போனார்கள். சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குகள், வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு என்று கிராமத்தின் முழுப் பிடியும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்தது. வாரிசு உரிமை அரசியலமைப்புக்கு எதிரானது என்று ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 1968-ல் தமிழ்நாட்டிலும் அதைச் சட்டப்படி நீக்கினார்கள். ஆனால் சட்டத்தில் போன வாரிசுரிமை ஊரில் போகவில்லை. அப்பாவுக்குப் பிறகு மகன் தற்காலிகமாகப் பார்ப்பார். அந்தத் தற்காலிகம் அப்படியே தொடரும். எனவே ஆட்களை மாற்றாமல் பதவியையே ஒழித்தார்கள்.

அந்த இடத்தில் வந்தவர்தான் நாம் வி.ஏ.ஓ. என்று சொல்லும் கிராம நிர்வாக அலுவலர்: முழுநேர ஊழியர், பத்தாம் வகுப்புத் தகுதி, தேர்வாணையத் தேர்வு, இட ஒதுக்கீடு. பழைய கிராம அலுவலர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-ல் சட்டத்தை உறுதிசெய்தது. பதவியை ஒழிப்பது அரசின் கொள்கை முடிவு, நல்லெண்ணத்தோடு செய்தால் அது 311-இன் கீழ் தண்டனை ஆகாது என்பது அதன் சாரம். பழையவர்களில் கல்வித் தகுதி உள்ளவர்களைப் புதுப் பதவிக்குப் பரிசீலிக்கவும் அரசு ஒப்புக்கொண்டது. 1984-ல் என்.டி. ராமாராவ் ஆந்திராவில் இதே வேலையைச் செய்தார். என் கணக்கில் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய ஊழியர் சீர்திருத்தம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம். ஊரின் நிலக் கணக்கைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருவர் கையெழுத்திட்டுத் தருவது இன்று சாதாரணம். 1980-க்கு முன் அதை நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் லஞ்சம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவரை மாற்றலாம், பிடிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம். கர்ணத்தை எங்கே மாற்றுவது?

உள்ளே இருந்தவர்களைத் தொட்டும் இது ஏன் நிலைத்தது? வெளியே போனவர்கள் இருபதாயிரம் சொச்சம் பேர். உள்ளே வரக் காத்திருந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. 1921-ல் நீதிக்கட்சி கொண்டுவந்த வகுப்புவாரி உரிமை ஆணையும், 1929-ல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் அமைந்த தேர்வாணையமும் இதே வகைதான். வாசலை அகலப்படுத்தும் சீர்திருத்தத்துக்கு இங்கே எப்போதும் ஆதரவு உண்டு. வாசலைப் பார்த்துக்கொள்வதில் நாம் நிஜமாகவே நல்லவர்கள். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையை வைத்து நடந்த மோசடி வெளியே வந்தபோது 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அந்தக் கோபம் உண்மையானது. 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வு எழுதிய பிறகு முடிவு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் தேர்வாகி உள்ளே போனவர் அடுத்த முப்பது ஆண்டு என்ன செய்தார் என்று எந்த ஊரும் கேட்பதில்லை.

உள்ளே நடப்பது பணிமூப்பின் ஆட்சி. இருக்கிற கொஞ்ச இடத்தில் யார் முன்னால் என்பதுதான் எல்லாமே. எனவே சண்டையும் அதில்தான். தேர்வாணையத்தில் எடுத்த மதிப்பெண் வரிசைப்படி பணிமூப்பா, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி முறையில் அமைந்த வரிசைப்படியா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. மதிப்பெண் வரிசைதான் என்று நீதிமன்றம் சொன்னதும், சுழற்சி முறையைக் காப்பாற்ற 2016-ல் அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தையே கொண்டுவந்தார்கள். அதன் முக்கியப் பிரிவுகளை 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. துறை துறையாகப் பட்டியல்களைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. பதவி உயர்வு பெற்றுப் பல ஆண்டு ஆனவர்கள் கீழே இறங்க வேண்டிவரும் என்ற பயத்தில் மறுபடி வழக்குகள். இந்தக் காலம் முழுவதும் பட்டியல் நின்றுபோய், 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரே ஆள் இரண்டு மூன்று இருக்கைகளைப் பார்த்தார். ஒரு சான்றிதழுக்கு நீங்கள் நாலு தடவை அலைந்தால், அதற்குக் காரணம் சோம்பேறி ஊழியர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவருக்கு அன்று வேறு தாலுகாவில் பொறுப்பு இருந்திருக்கலாம்.

மாறுதல் இன்னொரு சந்தை. உயர் அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலமும் குடிமைப் பணிகள் வாரியமும் வேண்டும், மேலிடத்து வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த மாநிலமும் அதை மனதார ஏற்றதாகத் தெரியவில்லை. ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு முறை வந்தபோது மட்டும் காலியிடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, பேரம் குறைந்தது. கர்நாடகா 2007-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. இதே முறையை வருவாய்த் துறைக்கோ பதிவுத் துறைக்கோ கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. ஊழியர்களின் பணிப்பதிவேடும் சம்பளமும் இப்போது 'களஞ்சியம்' மென்பொருளில்தான் இருக்கின்றன.

இதற்கிடையில், நீங்கள் கேட்ட 'எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்' என்ற வேலைமுறை பின்வாசல் வழியாக எப்போதோ வந்துவிட்டது. தொகுப்பூதியம், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், ஒப்பந்தம், வெளிமுகமை (அவுட்சோர்சிங்) என்று அதற்குப் பல பெயர்கள். 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்தபோது கடை ஊழியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு வந்தார்கள். கிராம ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்கள் கதை இன்னும் மோசம்: 1989-ல் தி.மு.க. நியமித்தது, 1991-ல் அ.தி.மு.க. நீக்கியது; பிறகு வந்த தி.மு.க. ஆட்சி திரும்ப எடுத்தது, 2001-ல் மறுபடி நீக்கம், 2006-ல் மறுபடி நியமனம், 2011 நவம்பரில் மறுபடி நீக்கம். பாதுகாப்பில்லாத அரசு வேலை எப்படி இருக்கும் என்று தெரிய ஜார்ஜியா போக வேண்டியதில்லை, இவர்களைக் கேட்டால் போதும். வேலைத்திறனை வைத்து அவர்களை யாரும் அளக்கவில்லை. எந்த ஆட்சியில் வந்தவர்கள் என்பது மட்டுமே அளவுகோல். இப்படி விதிமுறைக்கு வெளியே வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் நோக்கம், பின்வாசல் நியமனத்தை நிறுத்துவது. மாநிலங்கள் அதை நிரந்தரமாக்காமல் இருப்பதற்கான சாக்காக எடுத்துக்கொண்டன, பின்வாசலை மூடவில்லை.

2022-ல் அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் நிதியோடு மனிதவள மேலாண்மையையும் பார்த்தபோது, அரசாணை 115 வழியாக ஒரு மனிதவளச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. கீழ்நிலைப் பணியிடங்களை வெளிமுகமைக்கு விடுவது பற்றியும் அது ஆராயும் என்று இருந்ததால் சங்கங்கள் கொதித்தன. ஒரே மாதத்தில் அதன் ஆய்வு வரம்புகளை முதல்வர் ரத்து செய்தார். அந்த ஆணையில் நல்லதும் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் எடுத்த எடுப்பில் கடைநிலை ஊழியரிடமிருந்து ஆரம்பித்த எந்தக் குழுவும் இங்கே உருப்பட்டதில்லை.

எங்கே கைவைக்கலாம் என்று கேட்டால், நான் தகுதிகாண் பருவத்தைத்தான் சொல்வேன். புது விதி தேவையில்லை. இருக்கிற விதியில் இரண்டு ஆண்டு முடிவில் மேலதிகாரி எழுதிக் கையெழுத்திடும் ஒரு மதிப்பீடு, அதை ஊழியருக்குக் காட்டும் கட்டாயம், குறித்த தேதிக்குள் ஆணை போடாவிட்டால் அந்த மேலதிகாரியின் விளக்கம். கூடவே, துறை விசாரணைக்கென்று முழுநேர அதிகாரிகள் மாவட்டத்துக்குச் சிலர். இதற்கு நிதித்துறை தலையாட்ட வேண்டியிருக்கும், பணியிடம் உருவாக்க வேண்டுமே. 17(பி) ஓராண்டில் முடியும் என்றால் குற்றமற்ற ஊழியருக்கும் அது லாபம்தான். விசாரணை நிலுவையில் இருப்பதால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சேராமல் பத்து ஆண்டு காத்திருந்தவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்டு. சங்கங்களில் நான் பேசிய பலர் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. தயங்கியவர்கள் அதிகாரிகள்தான்: "நான் எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வழக்கு வந்தால் யார் கோர்ட்டுக்கு நிற்பது?"